அமெரிக்கக் கவுண்டி ஜெயிலில் இருப்பவரைத் தேடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஊரிலிருந்து இப்படித்தான் போன் வரும். "பையன் ரெண்டு நாளா போனை எடுக்கலை. கூட இருக்கிறவன் போலீஸ் கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னு சொல்றான். எந்த ஜெயில்னு பார்த்துச் சொல்லு தம்பி." டெக்சஸில் குடியிருக்கும் எனக்கு இதுவரை மூன்று முறை இந்தப் போன் வந்திருக்கிறது. முதல் முறை எனக்கு ஒன்றும் தெரியாது. ஊர்ப் பெயரையும் பையன் பெயரையும் கூகுளில் போட்டேன். மேலே வந்த ஒரு தளம் கிரெடிட் கார்டு கேட்டது, கொடுத்தேன். பணம் போனதுதான் மிச்சம். விடிந்த பிறகு தெரிந்தது, அவன் விவரம் ஷெரிஃப் (கவுண்டியின், அதாவது நம்மூர் மாவட்டம் போன்ற பகுதியின், காவல் தலைவர்) அலுவலகத்தின் தளத்தில் ராத்திரி முழுக்க இலவசமாகவே இருந்திருக்கிறது. பெயரின் முன்பாதியும் பின்பாதியும் இடம் மாறியிருந்ததால் எனக்குச் சிக்கவில்லை.

அந்த ராத்திரி எனக்குத் தெரிந்திருக்க வேண்டியவை இவை.

ஜெயில் வேறு, பிரிசன் வேறு

தமிழில் இரண்டுக்கும் சிறை என்ற ஒரே சொல்தான். அமெரிக்காவில் இவை இரண்டு வெவ்வேறு நிர்வாகங்கள். புதிதாகக் கைதானவர், ஜாமீனுக்குக் காத்திருப்பவர், வழக்கு முடியாதவர், பொதுவாக ஓராண்டுக்கு உட்பட்ட சிறு தண்டனை பெற்றவர் ஆகியோர் இருப்பது உள்ளூர் ஜெயில். பெரும்பாலும் கவுண்டியின் ஷெரிஃப்தான் அதை நடத்துகிறார். நீண்ட தண்டனை பெற்றவர்கள் போவது பிரிசன். அது மாநில அரசின் கையிலோ மத்திய அரசின் கையிலோ இருக்கும். 2023-ன் நடுவில் உள்ளூர் ஜெயில்களில் இருந்தவர்கள் சுமார் 6,64,000 பேர். அவர்களில் பத்துக்கு ஏழு பேர் குற்றவாளி என்று தீர்ப்பு ஆகாதவர்கள். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் பெயர் இருந்தால் கைதாகியிருக்கிறார் என்று மட்டுமே பொருள்.

இந்தப் பட்டியலை ஏன் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள் என்று பலர் கேட்கிறார்கள். அரசு யாரையும் ரகசியமாகப் பிடித்து வைக்கக்கூடாது என்பதுதான் காரணம். கலிபோர்னியாவில் கைதானவரின் பெயர், கைதான நேரம், குற்றச்சாட்டு, ஜாமீன் தொகை, வைக்கப்பட்டிருக்கும் இடம் ஆகியவற்றைக் கேட்டால் கொடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

எந்த ஊர் என்று கேட்காதீர்கள், எந்தக் கவுண்டி என்று கேளுங்கள்

நாடு முழுக்கத் தேடித் தரும் ஒரே அரசுப் பட்டியல் உள்ளூர் ஜெயில்களுக்குக் கிடையாது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கவுண்டிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஏற்பாடு. ஆகவே கவுண்டி தெரியாமல் தேடத் தொடங்குவதில் பலனில்லை.

ஊரும் கவுண்டியும் ஒன்றுக்கொன்று பொருந்திவராது என்பதுதான் இதில் சிக்கல். டல்லஸ் நகரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அது டல்லஸ், காலின், டென்டன், ராக்வால், காஃப்மன் என்று ஐந்து கவுண்டிகளில் கால் வைத்திருக்கிறது. நம்மவர்கள் நிறைய இருக்கும் ஃபிரிஸ்கோவில் சாலைக்கு இந்தப் பக்கம் காலின், அந்தப் பக்கம் டென்டன். ஹூஸ்டன் முகவரி என்று சொல்பவர் உண்மையில் ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் குடியிருக்கலாம்.

இன்னொன்று, வீடு எங்கே என்பது இங்கே கணக்கில் வராது. கைது எங்கே நடந்தது என்பதுதான் முக்கியம். ஆபீஸ் பார்ட்டி முடிந்து வரும் வழியில் நெடுஞ்சாலையில் மடக்கினார்கள் என்றால், அந்தச் சாலைத் துண்டு எந்தக் கவுண்டியில் இருக்கிறது என்று பாருங்கள். அறைத்தோழனிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: எந்தத் தெரு அல்லது எக்ஸிட், எத்தனை மணி, போலீஸ் வண்டியில் என்ன எழுதியிருந்தது. வண்டியில் நகரப் போலீஸ், ஷெரிஃப், மாநில ட்ரூப்பர் (மாநிலப் போலீஸ்) என்று எழுதியிருப்பதை வைத்தே பாதி விடை கிடைத்துவிடும். கைதான முகவரியோடு கவுண்டி என்ற சொல்லையும் சேர்த்துக் கூகுளில் போட்டால் மீதி வந்துவிடும். எல்லையோரம் என்றால் பக்கத்துக் கவுண்டியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சில இடங்களில் இந்த விதியே மாறும். லூசியானாவில் கவுண்டிக்குப் பதில் பாரிஷ் என்பார்கள். நியூயார்க் நகரத்தில் ஷெரிஃபைத் தேடிப் பயனில்லை. ரைக்கர்ஸ் தீவு உள்ளிட்ட ஜெயில்களை நகரத்தின் சிறைத் துறையே நடத்துகிறது, அதன் தளத்தில்தான் தேட வேண்டும். கென்டக்கியில் ஜெயிலர் என்றே ஒருவரைத் தேர்தலில் தேர்ந்தெடுக்கிறார்கள். வர்ஜினியாவில் பல கவுண்டிகள் சேர்ந்து ஒரே ஜெயில் வைத்திருக்கும். கனெக்டிகட், டெலவேர், ரோட் ஐலண்ட், வெர்மான்ட், ஹவாய், அலாஸ்கா ஆகிய ஆறிலும் ஜெயிலும் பிரிசனும் ஒரே மாநிலத் துறையின் கீழ் வருகின்றன. அங்கே மாநிலச் சிறைத் துறையின் தளத்துக்கு நேராகப் போய்விடலாம்.

சரியான தளத்தில் நுழைவது

ஷெரிஃப் தளத்தில் இந்தப் பகுதிக்கு இன்மேட் சர்ச், ஜெயில் ராஸ்டர், புக்கிங் லாக் என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கும். புக்கிங் என்றால் கைதானவரை ஜெயிலில் பதிவு செய்வது. சான் டியேகோவில் 'ஹூ இஸ் இன் ஜெயில்' என்றே வைத்திருக்கிறார்கள்.

டாட் கவ் என்று முடிந்தால்தான் அரசுத் தளம் என்று சொல்லிக்கொடுப்பார்கள். அதை முழுக்க நம்ப முடியாது. ஹூஸ்டனை உள்ளடக்கிய ஹாரிஸ் கவுண்டி ஷெரிஃபின் தளம் டாட் ஆர்க் என்று முடிகிறது. நான் செய்வது இதுதான்: கவுண்டி அரசின் முகப்புப் பக்கத்தைத் திறந்து, அங்கிருந்து ஷெரிஃப் அலுவலகத்துக்கும், அங்கிருந்து தேடல் பக்கத்துக்கும் போவேன். அப்படிப் போனால் போலித் தளத்தில் மாட்டமாட்டோம். பணம் கேட்டால் தவறான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று புரிந்துகொள்ள வேண்டியதுதான். இப்போது யார் உள்ளே இருக்கிறார் என்று பார்க்க ஷெரிஃப் தளங்கள் காசு கேட்பதில்லை.

நம் பெயர்தான் பெரிய தலைவலி

தளத்தில் லாஸ்ட் நேம், ஃபர்ஸ்ட் நேம் என்று இரண்டு பெட்டிகள் இருக்கும். நமக்கோ ஒரு பெயரும் ஒரு இனிஷியலும்தான். அந்த இனிஷியல் பாஸ்போர்ட்டில் எப்படி விரிந்தது என்பதைப் பொறுத்துத்தான் ஜெயில் பதிவும் இருக்கும்.

சுப்பிரமணியன் மகன் கார்த்திகேயன் என்று வைத்துக்கொள்வோம். அப்பா பெயர் குடும்பப் பெயராகப் பதிவாகியிருந்தால் லாஸ்ட் நேம் பெட்டியில் சுப்பிரமணியன் என்றுதான் போட வேண்டும். வீட்டில் கூப்பிடும் பெயரை அங்கே போட்டால் ஒன்றும் வராது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் முழுப் பெயரும் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும். முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யு. என்று அச்சாகியிருக்கும், அதாவது முதல் பெயர் தெரியாது என்று. ஜெயில் பதிவிலும் ஐயா 'எஃப்.என்.யு. கார்த்திகேயன்' என்றே இருப்பார். எங்கள் வட்டாரத்தில் ஃப்னு என்று செல்லமாகக் கூப்பிடப்படும் ஆட்கள் உண்டு.

ஆகவே தேடும்போது:

- முழுப் பெயரைப் போடாதீர்கள். முதல் மூன்று நான்கு எழுத்துகள் போதும். எழுத்துக்கூட்டல் குழப்பம் பெரும்பாலும் பெயரின் பின்பகுதியில்தான் வரும். நீளமான பெயர்கள் பாதியில் வெட்டுப்பட்டும் இருக்கும்.
- இரண்டு பெட்டிகளிலும் பெயரை மாற்றிப் போட்டு மறுபடி தேடுங்கள்.
- செந்தில்குமார் என்பது சேர்ந்தும் இருக்கலாம், பிரிந்தும் இருக்கலாம். பிரிந்திருந்தால் குமார் மட்டும் லாஸ்ட் நேமாகப் போயிருக்கும்.
- திருமணமான பெண் என்றால் அப்பா பெயர், கணவர் பெயர் இரண்டையும் போட்டுப் பாருங்கள்.
- டிரைவிங் லைசென்ஸில் உள்ளபடி எழுத்துக்கூட்டல் தெரிந்தால் அதையே பயன்படுத்துங்கள். புக்கிங் செய்பவர் அதைப் பார்த்துத்தான் அடிப்பார்.

பிறந்த தேதியில் இரண்டு வழுக்கல்கள். அமெரிக்காவில் மாதம் முதலில் வரும், நாள் பிறகுதான். அடுத்தது நம்மூருக்கே உரியது: அம்மா சொல்லும் தேதி வேறு, பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் எழுதிய தேதி வேறு. பாஸ்போர்ட்டில் ஏறியது வாத்தியார் தேதிதான். ஊருக்குப் போன் செய்து, "சர்டிபிகேட்ல என்ன தேதிம்மா?" என்று கேட்டுவிடுங்கள்.

இனம் என்ற பெட்டியைத் தொடவே வேண்டாம். நம்மவரை ஏஷியன் என்றும் பதிவார்கள், வொய்ட் என்றும் பதிவார்கள், அதர் என்றும் பதிவார்கள்.

பதிவு கிடைத்ததும் எதைப் படிப்பது

முதல் வேலை, புக்கிங் எண்ணைக் குறிப்பது. அதோடு ஆளுக்கென்று நிரந்தர எண் ஒன்றும் இருக்கலாம். ஹாரிஸ் கவுண்டியில் அதை எஸ்.பி.என். என்கிறார்கள். இனி யாரிடம் பேசினாலும் பெயரை விட இந்த எண்ணுக்குத்தான் மதிப்பு. அப்புறம் எந்தக் கட்டடம், எந்தக் குற்றச்சாட்டு, அடுத்த நீதிமன்றத் தேதி எது என்று பாருங்கள்.

பல இடங்களில் குற்றச்சாட்டின் வகைக் குறி எம் என்று தொடங்கினால் சிறு குற்றம், எஃப் என்று தொடங்கினால் பெருங்குற்றம். டெக்சஸில் முதல் முறை குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் அது பொதுவாக பி வகுப்புச் சிறு குற்றம், அதிகபட்சம் 180 நாள். பட்டியலில் இருப்பது கைதின்போது போலீஸ் எழுதிய குற்றச்சாட்டுதான். அரசு வழக்கறிஞர் பிறகு மாற்றலாம், கைவிடவும் செய்யலாம்.

ஜாமீன் தொகை சைபர் என்று இருந்தால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். இன்னும் நிர்ணயிக்கவில்லை என்றும் இருக்கலாம், ஜாமீனே இல்லை என்றும் இருக்கலாம், சொந்தப் பொறுப்பில் விடுகிறார்கள் என்றும் இருக்கலாம். ஜெயிலுக்குப் போன் செய்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லினாயில் 2023 செப்டம்பர் முதல் பண ஜாமீன் முறையே கிடையாது.

ஹோல்டு அல்லது டிடெய்னர் என்ற சொல் இருக்கிறதா என்று கவனமாகப் பாருங்கள். வேறொரு துறையோ கவுண்டியோ இவரை எங்களிடம் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறது என்று அர்த்தம். கேட்டது குடியேற்றத் துறையின் ஐ.சி.இ. என்றால், நீங்கள் ஜாமீன் கட்டிய அடுத்த நிமிடம் அவர் வீட்டுக்கு வருவதற்குப் பதில் அவர்கள் காவலுக்குப் போகலாம். அதனால் குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீலிடம் பேசாமல் பணம் கட்டாதீர்கள்.

பெயர் இல்லையே!

பதறாதீர்கள், நேரத்தைக் கணக்குப் பாருங்கள். கைரேகை, புகைப்படம், மருத்துவக் கேள்விகள் எல்லாம் முடிந்த பிறகே பெயர் ஏறும். அதற்குப் பல மணி நேரம் ஆகலாம், வெள்ளிக்கிழமை ராத்திரி என்றால் இன்னும் கூட. பல புறநகர்களில் நகரப் போலீசுக்கே சின்ன லாக்கப் உண்டு. ஒரு நாள் அங்கே வைத்திருந்துவிட்டுத்தான் கவுண்டிக்கு அனுப்புவார்கள். அந்த லாக்கப்பில் இருப்பவர் ஷெரிஃப் பட்டியலில் இல்லாமல் போகலாம். நகரப் போலீசின் அவசரமில்லாத எண்ணுக்குக் கூப்பிட்டு, இன்னார் உங்கள் காவலில் இருக்கிறாரா என்று கேளுங்கள். 911க்குக் கூப்பிடக்கூடாது. வாரண்ட் இல்லாமல் கைது செய்தால், அதற்குப் போதிய காரணம் உண்டா என்று பொதுவாக 48 மணி நேரத்துக்குள் நீதிபதி பரிசீலித்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-ல் சொல்லியிருக்கிறது. அதனால் இரண்டு நாள் தாண்டினால் நீதிமன்றப் பதிவிலும் தடம் இருக்கக்கூடும்.

அடுத்து வைன்லிங்க் என்ற தேடல் தளம். இது உண்மையில் பாதிக்கப்பட்டவர்களுக்காக உருவான ஏற்பாடு. 1993 டிசம்பரில் கென்டக்கியின் லூயிவில்லில் மேரி பைரன் என்ற பெண்ணை, ஜாமீனில் வெளியே வந்த முன்னாள் காதலன் அவருடைய 21-வது பிறந்தநாளன்று சுட்டுக் கொன்றான். அவன் வெளியே வந்ததை அவருக்கு யாருமே சொல்லவில்லை. அதற்குப் பின் வந்ததுதான் இந்த இலவசச் சேவை. பெரும்பாலான மாநிலங்களில் ஒரே இடத்தில் பல கவுண்டிகளைத் தேடலாம். கைதி இடம் மாறினாலோ விடுதலையானாலோ குறுஞ்செய்தி வரும்படி பதிந்தும் வைக்கலாம். கவுண்டி எதுவென்று சரியாகத் தெரியாதபோது எனக்கு இதுதான் கைகொடுத்தது.

அங்கும் இல்லையென்றால், ஆள் மத்திய அரசின் கையில் இருக்கலாம். மத்தியச் சிறைத் துறையின் தேடலில் 1982 முதல் உள்ளவர்கள் வருவார்கள். ஆனால் விசாரணைக் கட்டத்தில் இருப்பவர்களை யு.எஸ். மார்ஷல்கள் (மத்திய நீதிமன்றக் கைதிகளுக்குப் பொறுப்பான காவலர்கள்) கவுண்டி ஜெயில்களிலேயே வாடகைக்கு வைத்திருப்பதுண்டு. அவர்கள் அந்தப் பட்டியலில் இல்லாமலும் இருக்கலாம்.

ஐ.சி.இ. காவல் என்று சந்தேகம் வந்தால் அதற்குத் தனி லொகேட்டர், அதாவது தேடல் பக்கம், இருக்கிறது. ஏ-எண்ணும் (குடியேற்றத் துறை வெளிநாட்டவருக்குக் கொடுக்கும் எண்) பிறந்த நாடும் கொடுத்துத் தேடலாம். ஏ-எண் எட்டு இலக்கம் என்றால் முன்னால் ஒரு சைபர் சேர்த்து ஒன்பதாக்குங்கள். எண் இல்லாவிட்டால் பெயரைக் கொண்டு தேடலாம், ஆனால் இங்கே நான்கு எழுத்து போட்டுத் தப்பிக்க முடியாது. ஒரு எழுத்து மாறினாலும் இல்லை என்று சொல்லிவிடும், எனவே மேலே சொன்ன எல்லா மாற்றங்களையும் பொறுமையாகப் போட்டுப் பார்க்க வேண்டும். பிறந்த நாடு என்பதையும் கவனியுங்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாக் குடியுரிமை பெற்றவருக்கு இலங்கை என்று கொடுக்க வேண்டும். அதில் வராவிட்டால் கனடாவையும் போட்டுப் பாருங்கள், பதிவு செய்தவரும் மனிதர்தானே.

பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களைப் பொதுவாகப் பட்டியலில் காட்டமாட்டார்கள். டெக்சஸ், ஜார்ஜியா, விஸ்கான்சின், லூசியானா போன்ற சில மாநிலங்களில் கைதாகும் 17 வயதானவரைப் பெரியவராகவே நடத்துகிறார்கள். பள்ளியில் படிக்கும் பிள்ளை உள்ள வீடுகளுக்கு இது தெரியாது. கடைசியாக, மருத்துவமனைகளுக்கும் ஒரு போன் செய்துவிடுங்கள். எனக்கு வந்த மூன்று அழைப்புகளில் ஒன்று அப்படித்தான் முடிந்தது.

நீதிமன்றப் பதிவும் பழைய பதிவும்

ஜெயில் பட்டியல் இன்றைய நிலவரத்தைத்தான் காட்டும். விடுதலையானதும் பல இடங்களில் பெயர் மறைந்துவிடும். வழக்கு என்ன ஆயிற்று என்பது கவுண்டி அல்லது மாவட்ட நீதிமன்றக் கிளார்க்கின் தளத்தில் இருக்கும். மேரிலாந்து, விஸ்கான்சின் போன்ற மாநிலங்களில் மாநிலம் முழுமைக்கும் ஒரே தேடல் உண்டு. மத்திய வழக்குகளுக்கு பேசர் என்ற மத்திய நீதிமன்றப் பதிவுத் தளம். பக்கத்துக்கு பத்து சென்ட், ஆனால் காலாண்டுக்கு 30 டாலருக்குள் இருந்தால் கட்டணம் இல்லை.

பழைய புக்கிங் விவரம் வேண்டுமென்றால் எழுத்து மூலம் கேட்க வேண்டும். நம்மூர் ஆர்.டி.ஐ. மாதிரிதான். 1966-ன் தகவல் சுதந்திரச் சட்டம் மத்தியத் துறைகளுக்கு மட்டுமே பொருந்தும், அதைச் சொல்லி ஷெரிஃபிடம் கேட்டால் பயனில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டம். நியூஜெர்சியில் ஓப்ரா எனப்படும் பொதுப் பதிவுகள் சட்டம், டெக்சஸில் பொதுத் தகவல் சட்டம்.

கண்டுபிடித்தாயிற்று, அடுத்து?

ஜெயிலுக்குள் நாம் போன் செய்து பேச முடியாது, அவர்தான் கூப்பிட வேண்டும். அதற்கு உங்கள் எண்ணில் முன்பணக் கணக்கு தேவைப்படலாம். எந்த நிறுவனம் என்று ஷெரிஃப் தளத்திலேயே இருக்கும். பேசும் ஒவ்வொரு சொல்லும் பதிவாகிறது. தமிழில் பேசினால் யாருக்குப் புரியும் என்று நினைக்காதீர்கள், மொழிபெயர்க்க ஆள் வைப்பார்கள். "சாப்பிட்டியா, வக்கீல் வர்றார்" என்பதோடு நிறுத்துங்கள். வழக்கைப் பற்றி வேண்டாம்.

பணமில்லாதவருக்கு அரசே வக்கீல் தர வேண்டும் என்பது 1963 முதல் சட்டம். குற்றத்தை ஒப்புக்கொண்டால் குடியுரிமை இல்லாதவர் நாடு கடத்தப்படலாம் என்பதை வக்கீல் எடுத்துச் சொல்லியாக வேண்டும் என்பது 2010 முதல்.

துணைத் தூதரகத்துக்கும் சொல்லலாம். இந்தியக் குடிமக்கள், இலங்கைக் குடிமக்கள் விஷயத்தில் கைதானவர் கேட்டால்தான் போலீஸ் தூதரகத்துக்குத் தெரிவிக்கும். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழருக்கு அப்படி இல்லை, அவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் தெரிவித்தாக வேண்டும். ஆகவே நம்மவரிடம், "தூதரகத்துக்குச் சொல்லுங்க என்று நீயே கேள்" என்று முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள்.

அதே பட்டியலைப் பார்க்கும் மற்றவர்கள்

நீங்கள் பார்க்கும் பக்கத்தை மோசடிக்காரனும் பார்க்கிறான். பெயர், புக்கிங் எண், ஜாமீன் தொகை எல்லாம் சொல்லி, "சார்ஜண்ட் பேசுகிறேன், கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணைச் சொன்னால் இன்றே விடுகிறோம்" என்று கூப்பிடுவான். எந்த ஜெயிலும் கிஃப்ட் கார்டு வாங்காது. போனை வைத்துவிட்டு ஷெரிஃப் தளத்திலுள்ள எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள்.

கைதின்போது எடுத்த புகைப்படங்களை அள்ளிப்போட்டு, அவற்றை நீக்கப் பணம் கேட்கும் தளங்களும் இருக்கின்றன. கலிபோர்னியா, ஜார்ஜியா, புளோரிடா, டெக்சஸ் உள்ளிட்ட பல மாநிலங்களில் அப்படிப் பணம் கேட்பது சட்டவிரோதம். நியூயார்க்கில் 2019 முதல் போலீஸ் அந்தப் படங்களைப் பொதுவாகக் கொடுப்பதே இல்லை. இவர்களைவிட எனக்கு நம் வாட்ஸாப் குழுக்கள்தான் பயம். ஸ்கிரீன்ஷாட் ஒன்று தமிழ்ச் சங்கக் குழுவில் விழுந்தால் எந்தச் சட்டத்தாலும் அதைத் திரும்ப எடுக்க முடியாது. வேலைக்கு ஆள் எடுப்பவர், வீடு வாடகைக்கு விடுபவர் இந்தப் பட்டியலைத் தாங்களாகவே புரட்டி முடிவெடுக்காமல், பின்னணி விசாரணைகளையும் கட்டுப்படுத்தும் நியாயமான கடன் அறிக்கைச் சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனம் வழியாகப் போவதுதான் பாதுகாப்பு.

வழக்கு தள்ளுபடியானால் பதிவை அழிக்கக் கோரலாம், டெக்சஸில் அதற்கு எக்ஸ்பங்ஷன் என்று பெயர். ஆனால் மனுப் போடுவதற்கு முன்னால், வழக்கு எப்படி முடிந்தது என்று நீதிமன்ற முத்திரையோடு இருக்கும் தீர்ப்பு நகலில் இரண்டு பிரதி வாங்கிப் பெட்டியில் வையுங்கள். அழித்த பதிவாக இருந்தாலும் குடியுரிமை விண்ணப்பத்தில் கைதைச் சொல்லியே ஆக வேண்டும். அன்றைக்கு அந்த நகலைக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போனால், அப்படி ஒரு வழக்கே இல்லையே என்பார்கள்.